ஆறு தேசிக்காயும் ஒரு பானை கூழும்

சென்ற ஆண்டு கோடையில், அமெரிக்க எல்லையில், என் மனைவி சமைத்த ஆட்டிறைச்சிக் கறி குப்பைத் தொட்டிக்குள் போனதை நான் நின்று பார்த்தேன். வாயகன்ற பெரிய சட்டி. அதற்குள் எத்தனை துண்டு இறைச்சி இருந்தது என்பதும் எனக்குத் தெரியும், வெட்டிக் கொடுத்தவன் நான். கையுறை போட்ட அதிகாரி சட்டியை ஒரு பக்கமாகச் சரித்தார். கறி தொப்பென்று விழுந்தது. பிறகு வெறுஞ்சட்டியை இரண்டு கையாலும் பிடித்து மரியாதையாகத் திருப்பித் தந்தார்.

அவர்மேல் பிழை சொல்ல முடியாது. சாவடியில் கேட்டபோது என் மகன், "கொறிக்கிறதுக்குக் கொஞ்சம் வைத்திருக்கிறோம்" என்று சொல்லியிருந்தான். பின்னால் மூன்று கிலோ ஆட்டிறைச்சி இருந்தது. ஆட்டிறைச்சி அந்தப் பக்கம் போகக்கூடாது என்பது விதி.

மனைவி அழவில்லை. மோட்டர்ஹோமுக்குள் ஏறி, அந்த வெறுஞ்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஏரிக்கரை விடுமுறை முகாமுக்குப் போய்ச் சேரும்வரை அதைக் கீழே வைக்கவில்லை. அங்கே அவளுடைய அக்கா காத்துக்கொண்டிருந்தார்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் நியூ ஜேர்சியில் மகனோடு இருக்கிறார். அகதி விண்ணப்பம் இன்னும் முடிந்தபாடில்லை. அமெரிக்காவை விட்டுக் கால் எடுத்து வைத்தால் திரும்பி உள்ளே விடுவார்களோ தெரியாது. ஆகவே அவர் மொன்றியலுக்கு வரமுடியாது, நாங்கள்தான் போகவேண்டும். என் மனைவிக்கோ காரில் நெடுந்தூரம் போனால் வாந்தி, எங்கள் பேச்சில் சத்தி, வரும்; கால் வீங்கும். அதற்காகத்தான் மகன் இந்த மோட்டர்ஹோம் யோசனையைக் கண்டுபிடித்தான். கட்டில், குசினி, கழிப்பறை எல்லாம் சில்லின்மேல் ஏறிக்கொள்ளும். வாடகைக்கு எடுத்து நாங்கள் தெற்கே இறங்க, அக்கா தன் மகனின் காரில் வடக்கே ஏற, சம்ப்லேன் ஏரிக்கரையில் சகோதரிகள் இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு ஒரு தடவை.

அக்காவைப் பார்க்க வெறுங்கையோடு போவது எங்கள் வழக்கத்தில் இல்லை. ஒரு சீப்பு வாழைப்பழமாவது வேண்டும். கறி பறிபோனதால் வழியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நின்று, பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு கேக் வாங்கினோம். அக்கா அதைச் சந்தோஷமாகத்தான் வாங்கினார். ஆனால் பனிக்காலம் முழுவதும், மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில், பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும், "பெற்றோல் செட்டிலை கேக் வாங்கிக்கொண்டு போய் அக்காவைப் பாத்தவள் நான்" என்ற வசனத்தை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த ஆண்டு நிலைமை இன்னும் கடுமையானது. பனிக்காலத்தில் அக்காவுக்கு வயிற்றில் ஒரு சத்திர சிகிச்சை நடந்தது. பிழைத்துவிட்டார், ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. தொலைபேசியில் குரல் மெலிந்து கேட்டது.

"எனக்கு இப்ப ஒண்டும் வாய்க்குப் பிடிக்கேல்லையடி. சோத்தைக் கண்டாலே ஓங்காளிக்குது. உன்ரை கையாலை ஒரு கோப்பை கூழ் கிடைச்சாக் குடிப்பன்."

மனைவி தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இஞ்சருங்கோ. கூழ்ச் சாமான் அந்தப் பக்கம் போகுமெண்டால் நானும் வருவன். போகாதெண்டால் நான் வரேல்லை. நீங்கள் மூண்டு பேரும் போய் ஏரியைப் பாத்திட்டு வாங்கோ."

"எல்லையிலை மறிச்சாலோ?"

"அந்த இடத்திலையே இறங்கித் திரும்பி வருவன். இன்னொருக்காக் கேக்கோடை நான் அக்கான்ரை முகத்திலை முழிக்கமாட்டன்."

என் மனைவி சொன்னால் செய்வாள். ஆகவே அந்தப் பொறுப்பை மகனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு அதற்குத் தகுதி இருந்தது. கொழும்பில் ஒரு பெரிய களஞ்சியத்திலும், பிறகு மொன்றியலில் ஒரு துணித் தொழிற்சாலையிலும் இருப்புக் கணக்குப் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். வந்த சாமான் எத்தனை, போனது எத்தனை, இருப்பது எத்தனை. மூன்றும் ஒத்துவராவிட்டால் எனக்கு நித்திரை வராது. வீட்டிலும் அப்படித்தான். மெத்ரோவில் படி எண்ணுவேன், டிபனர் என்கிற மூலைக்கடையில் வாங்கிய முட்டையைப் பெட்டி திறந்து எண்ணுவேன், விருந்தில் யார் எத்தனை நண்டு தின்றார்கள் என்று தட்டில் மிஞ்சிய ஓட்டை வைத்துச் சொல்வேன். "எண்ணி எண்ணியே உங்கடை சீவியம் முடியப்போகுது" என்பது கலியாணமான நாளிலிருந்து மனைவி எனக்குப் படிக்கும் மந்திரம்.

அமெரிக்க விதிகளை இணையத்தில் தேடி வாசித்தேன். புரியாத இடத்தை மருமகளிடம் கேட்டேன். மருமகள் சென்னைப் பிள்ளை. இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து, என் மகனைக் கண்டு, இப்போது இருவரும் நகரின் மேற்கே கர்க்லாண்டில் வீடு வாங்கியிருக்கிறார்கள். பொறுமையான பெண். என் பயங்களை அவள்தான் சிரிக்காமல் கேட்பாள்.

எங்கள் கூழ் தமிழ்நாட்டுக் கேழ்வரகுக் கூழ் அல்ல. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, நண்டு, இறால், மீன், பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, கீரை, அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி எல்லாம் ஒரே பானையில் கொதிக்கும் கடற்கரைச் சாமான். ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரித்தேன். மீனும் நண்டும் போகலாம். கடையில் உறையவைத்து விற்கும் பக்கற்றாக, பெயரும் ஊரும் அச்சடித்ததாக இருந்தால் சண்டை இல்லை. பலாக்கொட்டை விதை என்பதால் எனக்குப் பயம். முளைக்கக் கூடியதை ஏன் கொண்டுபோகவேண்டும் என்று அதைத் தள்ளினேன். பச்சைக் காய்கறி அந்தப் பக்கத்திலும் விற்கிறார்கள், அங்கே வாங்கலாம். பழப்புளி, செத்தல் மிளகாய் இரண்டையும் உடைக்காத பக்கற்றில் வைத்தேன்.

ஒடியல் மாவில்தான் சண்டை. ஊரிலிருந்து ஒருவர் கொண்டுவந்த மா ஒரு பால்மா தகரப் பேணிக்குள் இருந்தது. மனைவி அதைத்தான் கொண்டுபோகவேண்டும் என்றாள்.

"கடை மா சப்பு. இது மணக்குது, மணந்து பாருங்கோ."

"பேர் இல்லாத பேணியிலை ஒரு கிலோ வெள்ளை மா. எல்லையிலை திறந்து பாத்தால் என்ன நினைப்பாங்கள் எண்டு யோசிச்சனீரோ?"

"என்னத்தை நினைக்கிறது? மா எண்டு நினைப்பாங்கள்."

"நினைக்கமாட்டாங்கள்!"

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத்தை, மாமா சொல்றது கரெக்ட். அதோட போனா நம்ம நாலு பேரையும் உள்ள வெச்சிடுவாங்க." கடை மாவே போனது. பெயர், எடை, நாடு எல்லாம் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

மருமகளும் ஒன்றைத் தியாகம் செய்தாள். கறிவேப்பிலை. அது எலுமிச்சைக் குடும்பத்து இலை என்றும், அதிலுள்ள ஒரு பூச்சி தோடம்பழம் என்கிற ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துவிடும் என்றும், ஆகவே கொண்டுபோகவே கூடாது என்றும் நான் அவளுக்கு விளக்கினேன்.

"கறிவேப்பிலை இல்லாம என்னத்த மாமா தாளிக்கிறது?"

"கூழுக்குத் தாளிப்பு இல்லைப் பிள்ளை."

"அப்ப மத்த நாலு நாளும்?"

"மற்ற நாளும் இல்லை."

அவள் பெருமூச்சு விட்டுக் குளிர்பெட்டியிலிருந்த பையை வெளியே எடுத்து வைத்தாள். மகன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, உங்களைப் பாத்தா கப்பலுக்குச் சாமான் ஏத்திற ஆள் மாதிரிக் கிடக்கு. அவங்கள் கேட்டாத்தானே சொல்லவேணும்?" என்றான்.

இந்த ஒரு வசனம்தான் எங்கள் ஆட்களின் எல்லைப் பாடம். ஊரில் எத்தனையோ சோதனைச் சாவடிகளில் நாங்கள் கற்றுக்கொண்டது அது. கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் ஒரு சொல்லில், நிலத்தைப் பார்த்தபடி. மகன் அந்தச் சாவடிகளைக் கண்டதில்லை. எங்களைப் பார்த்தே பழகிக்கொண்டான். நான் அவனுக்குச் சொன்னேன், "அங்கை முழுக்கச் சொன்னால் ஆபத்து. இஞ்சை பாதி சொன்னால் ஆபத்து. போன வருசம் பாத்தனிதானே."



புறப்படுவதற்கு முதல்நாள் மனைவி என்னைக் கடைக்கு அனுப்பினாள். "தேசிக்காய் ஆறு வாங்கியாங்கோ."

"கூழுக்குப் பழப்புளிதானே?"

"கூழுக்கில்லை, வண்டிக்கு."

புது வண்டியோ வாடகை வண்டியோ, நெடும்பயணம் போகும்முன் சில்லுக்குக் கீழே தேசிக்காய் என்கிற சின்ன எலுமிச்சையை வைத்து நசித்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். மோட்டர்ஹோமுக்கு ஆறு சில்லு. முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரட்டைச் சில்லு இரண்டு சோடி. ஆறு சில்லுக்கு ஆறு தேசிக்காய். கணக்குச் சரியாக இருந்ததில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. உருண்டையாகப் பார்த்துப் பொறுக்கி ஆறு வாங்கிக் கொடுத்தேன்.

காலையில் கர்க்லாண்டில் மகன் வீட்டு முன்றலில் கற்பூரம் காட்டினோம். பக்கத்து வீட்டு மனிதர் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி குனிந்து தேசிக்காயை வைத்துக்கொண்டு போனாள். நான் எண்ணினேன். நான்கு.

"ஆறு சில்லு. நீர் நாலுதான் வச்சிருக்கிறீர்."

"பின் சில்லு ரெண்டும் ஒட்டிக்கொண்டு நிக்குது. ஒண்டுக்குள்ளை ரெண்டும் அடங்கும்."

"அப்ப ஏன் ஆறு வாங்கச் சொன்னனீர்?"

"நல்ல காரியத்துக்குப் போகேக்குள்ளை வாயை வையாதேங்கோ! ஏறுங்கோ."

ஏறினேன். வண்டி நகர்ந்தது. நான்கும் நசிந்த சத்தம் கேட்டது. மீதி இரண்டு எங்கே என்று அப்போதே கேட்டிருக்கவேண்டும். ஆனால் என் மூளைக்குள் உணவுக் கணக்கு ஒரு பக்கமும் சடங்குக் கணக்கு இன்னொரு பக்கமும் இருந்தன. தேசிக்காய் சடங்குப் பக்கத்தில் கிடந்தது.

பாலம் கடந்து, பதினைந்தாம் நெடுஞ்சாலையில் தெற்கே சோளக்காடுகளுக்கு நடுவே போனோம். மகன் ஓட்டினான். பக்கத்து இருக்கையில் நான். மடியில் சாமான் விபரம் எழுதிய தாள், கடைப் பற்றுச்சீட்டுகள், எல்லோருடைய கடவுச்சீட்டுகளும். பின்னால் மேசையருகில் மனைவியும் மருமகளும். குளிர்பெட்டிக்குள் நண்டு ஐந்து பக்கற், இறால் இரண்டு, மீன் மூன்று. நான் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். பெட்டி திறந்து குளிர் போகிறது என்று மனைவி ஏசினாள்.

சாவடியில் ஒரு இளம் அதிகாரி. எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், யாரைப் பார்க்க. மகன் பதில் சொன்னான். பிறகு அந்தக் கேள்வி வந்தது. உணவு ஏதும் உண்டா?

நான் குனிந்து மகனின் தோளுக்கு மேலால் தாளை நீட்டினேன். அதிகாரி வாங்கி வாசித்தார். அவருடைய புருவம் உயர்ந்தது. "எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள்."

"ஆம், ஐயா. பக்கற்றின் எடையும் இருக்கிறது."

"இறைச்சி?"

"இல்லை."

"பழங்கள்? தோடம்பழம், எலுமிச்சை, தேசிக்காய்?"

"இல்லை" என்றான் மகன்.

அதிகாரி தாளை மகனிடம் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினார். வெற்றி. இன்னும் ஒரு வினாடியில் தடை உயரும், நாங்கள் போய்விடுவோம். அந்த வினாடியில் தேசிக்காய் சடங்குப் பக்கத்திலிருந்து உணவுப் பக்கத்துக்கு உருண்டு வந்தது. ஆறு வாங்கினேன். நான்கு நசிந்தன.

"ஐயா" என்றேன். "ஒரு திருத்தம்."

"அப்பா!" மகன் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னான். "பேசாமல் இருங்கோ. விட்டிட்டான்."

"ஐயா, இரண்டு தேசிக்காய் இந்த வண்டியில் இருக்கக்கூடும்."

"எங்கே?"

"அது எனக்குத் தெரியாது."

அதிகாரி என்னைப் பார்த்தார். பின்னால் இருந்த பெண்கள் இருவரையும் பார்த்தார். "எங்கே இருக்கிறதென்று தெரியாத இரண்டு தேசிக்காயை அறிவிக்கிறீர்களா?"

"ஆறு வாங்கினேன். நான்கு சில்லுக்குக் கீழே போயிற்று. இரண்டு மிச்சம் இருக்கவேண்டும்."

"சில்லுக்குக் கீழேயா?"

ஒரு செம்மஞ்சள் தாளை எடுத்து வண்டிக் கண்ணாடியில் செருகி, வலப்பக்கம் உள்ள சோதனைக் கொட்டகையைக் காட்டினார்.

சென்ற ஆண்டு நின்ற அதே கொட்டகை. குப்பைத் தொட்டியும் அதே இடத்தில் நின்றது. மகன் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின்மேல் தலையை வைத்தான்.

"போச்சு. எல்லாம் போச்சு. அவன் தாளைத் திருப்பித் தந்தவன், அப்பா. தந்தவன்! உங்கடை வாய்..."

மனைவி மகனையும் ஏசவில்லை, என்னையும் ஏசவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்தபடி சொன்னாள், "நண்டை எறிஞ்சால் நான் இந்த இடத்திலையே இறங்குவன். வீட்டை நடந்து போனாலும் போவன்."

எங்களை உள்ளே அழைத்து ஒரு நீள மர வாங்கில் இருத்தினார்கள். கண்ணாடி வழியாக மோட்டர்ஹோம் தெரிந்தது. விவசாயச் சோதனைக்குப் பொறுப்பான பெண் அதிகாரி ஒருவர், நடுவயது, கண்ணாடி போட்டவர், என் தாளை வாங்கிக்கொண்டு வண்டிக்குள் ஏறினார். குளிர்பெட்டி திறந்தது. மூடியது. அலுமாரிகள் திறந்தன. எனக்கு வியர்த்தது. மறைக்க முயன்றதாக அவர் நினைத்தால் எல்லாச் சாமானும் போகும். அதோடு ஏரியும் போகும், அக்காவும் போவார்.

அவர் இறங்கி வண்டியின் முன்பக்கம் போனார். குனிந்தார். நிமிர்ந்தபோது கையில் ஒரு நூல் தொங்கியது. நூலில் ஒரு தேசிக்காய், அதற்குக் கீழே ஐந்து பச்சை மிளகாய்.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ. மாமா..."

"நீயா பிள்ளை?"

"அத்தைகிட்ட ஒண்ணு வாங்கி பம்பர்ல கட்டினேன். அவ்ளோ பெரிய வண்டி, கண்ணு படாதா? அது சாப்பிடுறதுக்கு இல்லையே மாமா, திருஷ்டிக்குத்தானே. அதான் சொல்லணும்னே தோணல."

நான் அவளைக் கோபிக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லைதானே. கறிவேப்பிலையை இலை இலையாகத் துரத்தியவன், வண்டியின் மூக்கில் தொங்கிய தேசிக்காயோடு எல்லைக்கு வந்திருக்கிறேன்.

அதிகாரி உள்ளே வந்து நூலை மேசைமேல் வைத்தார். "இது என்ன?"

"பாதுகாப்புக்கு" என்றேன். "பார்ப்பவர்களின் கண் வண்டிமேல் படக்கூடாது என்பதற்காக."

"யார் பார்க்கிறார்கள்?"

"பொதுவாக, எல்லோரும். இன்று காலையில் பக்கத்து வீட்டுக்காரர்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இது ஒன்று. நீங்கள் இரண்டு என்று சொன்னதாக எழுதியிருக்கிறது. நான் வண்டி முழுவதும் பார்த்துவிட்டேன். இன்னொன்று இல்லை."

மகன் உடனே, "இல்லை என்றால் இல்லைதான். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, பிழையாக எண்ணியிருப்பார்" என்றான்.

பிழையாக எண்ணியிருப்பார்! வாழ்நாளில் யாரும் என்னைப் பற்றிச் சொல்லாத சொல்.

"இன்னொன்று இருக்கிறது" என்றேன். "நான் ஆறு வாங்கினேன்."

மகன் கூரையைப் பார்த்தான். நான் வாங்கில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். மனைவி சுவரில் தொங்கிய கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பை இன்னும் மார்போடு இருந்தது. அதன்மேல் வலக்கை, பொத்தியபடி. அந்தக் கை கர்க்லாண்டிலிருந்து விரியவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இஞ்சரும். கையை விரியும்."

"என்னத்துக்கு?"

"விரியும்."

விரித்தாள். உள்ளங்கைச் சூட்டில் தோல் மினுங்கிக்கொண்டு, நகக்குறி விழுந்து, ஆறாவது தேசிக்காய்.

"சத்தி வருமெண்டு மணக்கிறதுக்கு வச்சிருந்தனான்" என்றாள் சின்னக் குரலில். "இதையுமோ பறிப்பாங்கள்?"

வாகனத்தில் சத்தி வராமலிருக்கத் தேசிக்காயை நகத்தால் கீறி மணந்துகொண்டு போவது அவள் சிறுமியாகப் பேருந்தில் போன காலத்துப் பழக்கம். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி கையுறைக் கையை நீட்டி அதை வாங்கினார். அதையும் ஒரு தடவை மூக்கருகில் கொண்டுபோனார், அவர் அறியாமலே. பிறகு நூலின் பக்கத்தில் வைத்தார்.

"இரண்டு" என்றார்.

"ஆறு" என்றேன் நான். "இருப்புச் சரி."

இப்போது அவர் சிரித்தார். மறைத்த சாமானைத் தேடிப் பிடிப்பதுதான் தன் வேலை என்றும், தன்னால் பிடிக்க முடியாமற்போன சாமானைச் சாமான்காரரே பிடித்துத் தந்தது இதுதான் முதல் தடவை என்றும் சொன்னார். சோதனைக்கு முன்பே நாங்கள் சொல்லிவிட்டதால் தண்டம் ஒன்றும் இல்லை. இரண்டு தேசிக்காயும் ஐந்து மிளகாயும் இங்கே நிற்கும். மற்றவை போகலாம்.

"நண்டு?" என்று கேட்டேன், காதை நம்பாமல்.

"போகலாம்."

"மீன்? இறால்?"

"எல்லாம் உங்கள் தாளில் உள்ளபடியே இருக்கிறது. இந்த மா என்ன?"

பனங்கிழங்கைப் பற்றி ஐந்து நிமிடம் விளக்கினேன். ஊறவைத்துக் கயர்ப்புத் தண்ணீரை ஊற்றவேண்டும் என்பதுவரை சொன்னேன். மகன் என் முழங்கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவராவிட்டால் செய்முறையை முடித்திருப்பேன்.

வண்டி எல்லையைக் கடந்தது. பிறகு மருமகள் கைதட்டத் தொடங்கினாள். மகன் தட்டவில்லை, ஹோர்ன் அடித்தான். நீளமாக, இரண்டு தடவை. பின்னால் பார்த்தேன். மனைவி குளிர்பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சத்தி வருதோ?" என்று கேட்டேன்.

"வரேல்லை" என்றாள். "மனிசன்ரை கூத்தைப் பாத்ததிலை எல்லாம் நிண்டு போச்சு."

வழியில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் கீரையும் பீன்ஸ் என்கிற பச்சை போஞ்சியும் வாங்கினோம். பயிற்றங்காய் கிடைக்கவில்லை. மரவள்ளிக்குப் பதிலாக உருளைக்கிழங்கு. பலாக்கொட்டை இல்லாத கூழ் கூழா என்று மனைவி ஒருபாட்டம் அழுதாள். ஆனால் அடுப்பு மூட்டியதும் வாய் மூடிவிட்டது. மோட்டர்ஹோம் குசினியில் அந்தப் பானை அடங்கவில்லை. முகாமில் விறகு மூட்டும் இரும்பு வளையத்தின்மேல் வைத்தோம். ஏரிக்காற்று நெருப்பைச் சாய்க்க, நானும் மகனும் துவாயைப் பிடித்துக்கொண்டு மறைப்பாக நின்றோம். நண்டு சிவந்தது. கரைத்த மா விழுந்ததும் கூழ் தடித்து, பானை கொப்புளித்தது. பக்கத்துக் கூடாரங்களிலிருந்து ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள்.

அக்காவின் கார் வந்தது. இறங்கியபோது அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டை தோளில் தொங்கியது. மனைவி கட்டிப்பிடித்தாள். பிறகு அக்கா மூக்கை உயர்த்தினார்.

"எடியே. இது என்ன மணம்?"

"என்னவெண்டு நினைக்கிறாய்?"

"சும்மா சொல்லாதை. என்னண்டடி கொண்டு வந்தனி? போன முறை எல்லாத்தையும் எறிஞ்சவங்களெல்லோ?"

"இந்த மனிசன்தான்" என்றாள் மனைவி. எனக்குக் கேட்கவேண்டும் என்று சத்தமாகச் சொன்னாள். "ரெண்டு தேசிக்காயைக் காட்டிக் குடுத்து மிச்சத்தைக் கொண்டு வந்திட்டுது."

கடதாசிக் கோப்பையில் முதற்கோப்பையை அக்காவிடம் கொடுத்தாள். அக்கா ஊதினார். ஒரு மிடறு குடித்தார். நாங்கள் எல்லோரும் அவருடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். விழுங்கினார். காத்திருந்தோம். கோப்பையைச் சரித்து மீதியையும் குடித்தார். மூக்கு ஒழுகியது, கண் கலங்கியது. உறைப்புத்தான். கோப்பையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் விடு. ஒரு நண்டுக் காலும் போடு."

அவருடைய மகன் திரும்பிக்கொண்டு ஏரியைப் பார்த்தான். அம்மா ஒரு நேரத்தில் இவ்வளவு குடித்து மாதக்கணக்காகிறது என்று பிறகு என்னிடம் சொன்னான்.

பானை அடியில் அகப்பை உரசும்வரை இருந்தோம். அக்கா மடக்குக் கதிரையில் சாய்ந்து, விரலில் ஒட்டிய நண்டை நக்கிக்கொண்டு, பழைய ஆட்களையெல்லாம் இழுத்து வைத்துப் பகிடி விட்டார். என் மனைவி என் பக்கத்தில் வந்து குந்தினாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இஞ்சருங்கோ. அக்கா எத்தினை கோப்பை குடிச்சவ?"

கலியாணமான நாளிலிருந்து எண்ணாதேங்கோ என்று எனக்குச் சொன்ன வாய்.

"நாலு" என்றேன். "நாலரை எண்டும் சொல்லலாம். கடைசி அரை உம்மடை கோப்பையிலை குடிச்சவ."

"நாலரை" என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

திரும்பும் நாள் காலையில் அக்கா தன் காரிலிருந்து ஒரு போத்தலை எடுத்து வந்தார். தங்கையை வெறுங்கையோடு அனுப்புவது அவருக்கும் வழக்கமில்லை. தன் கையால் போட்ட ஊறுகாய். வேறு எதுவும் அல்ல, தேசிக்காய் ஊறுகாய். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்துக் கனடியப் பக்கத்து விதியைப் பார்த்தேன். போகும்.

எங்கள் பக்கத்துச் சாவடியில் அதிகாரி "போன்ஜூர்" சொல்லிக் கடவுச்சீட்டுகளை வாங்கினார். உணவு ஏதும் உண்டா என்று பிரெஞ்சில் கேட்டார். மகன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"அப்பா, நீங்கள் சொல்லுங்கோ."

எனக்குத் தெரிந்த பிரெஞ்சை ஒழுங்குபடுத்திக்கொண்டு சொன்னேன். கொண்டுபோனது முழுவதும் தின்று முடிந்தது, ஐயா. கொண்டுவருவது ஊறுகாய், ஒரு போத்தல், தேசிக்காய், வீட்டில் போட்டது, மூடி இறுக்கமானது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கடவுச்சீட்டுகளைத் தந்து கையை அசைத்தார். போத்தலுக்குள் எத்தனை துண்டு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.